ஒரு பத்தி நேரம்

"தியானம் பண்ணும்போது ஏத்தி வைக்க எந்த ஊதுபத்தி நல்லது?" எங்க டீம்ல ஒருத்தர் கேட்ட கேள்வி இது. டாக்டர் அவருக்கு பிரஷர் மாத்திரையோட சேர்த்து, தினமும் இருபது நிமிஷம் கண்ணை மூடி சும்மா உட்காரச் சொல்லியிருக்கார். கடைக்குப் போனா மல்லிகை, சந்தனம், ரோஜா, தாழம்பூ, லாவெண்டர்னு சுவர் முழுக்க அடுக்கி வெச்சிருக்காங்க. "இதுல எதுங்க மெடிடேஷனுக்கு?"ன்னு கேட்டதுக்கு கடைக்காரர், "எல்லாமே சாமிக்குத்தான் சார்"னுட்டாராம். நியாயமான பதில் :-)

நானும் ரெண்டு வருஷமா காலைல உட்கார்றவன்தான். ஞானம் எல்லாம் எதுவும் வரலை, முட்டி வலி மட்டும் வந்திருக்கு. ஆனா இந்தக் கேள்வி எனக்கு வேற ஒரு காரணத்தால முக்கியம். எங்க வீட்ல அம்மாவுக்கு வீசிங். அடுக்ககத்து ரெண்டாவது மாடி, ரோட்டுப் புழுதிக்கு பயந்து ஜன்னல் பாதி நேரம் மூடித்தான் இருக்கும். நான் பத்தி கொளுத்தின அரைமணில பக்கத்து ரூம்ல இருமல் சத்தம் கேக்கும். அதனால "எந்தப் பத்தி?"ங்கற கேள்வியோட, "பத்தி எதுக்கு?"ங்கற கேள்வியும் சேர்ந்துக்கிச்சு. அப்படிப் படிக்க ஆரம்பிச்சு சீனா, ஜப்பான், சுமத்ரான்னு எங்கெங்கேயோ போயிட்டேன். மொக்கை கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

முதல்ல ஒரு விஷயம். தியானமும் ஊதுபத்தியும் ஒண்ணா சேர்ந்ததுக்கு வாசனையை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்கு. கடிகாரம்.

சீனத்து சான் பௌத்த மடங்கள்ல (ஜப்பானுக்குப் போய் ஜென் ஆனது இதுதான்) தியானத்துல உட்கார்றதுக்கு வழக்குச் சொல்லே 'ட்சோ ஷியாங்'. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா 'பத்தி உட்கார்தல்'. ரொம்ப நேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போனா எழுந்து மண்டபத்தைச் சுத்தி வேகமா நடப்பாங்க. அதுக்குப் பேரு 'பாவ் ஷியாங்', 'பத்தி ஓடுதல்'. தூங்கி வழியறவங்க தோள்ல தட்டறதுக்கு ஒரு தட்டையான மரப்பலகை இருக்கும், அதுக்குப் பேரும் 'பத்திப் பலகை'. ஒரு பத்தி எரிஞ்சு முடியற வரைக்கும் உட்காரணும். முடிஞ்சதும் மணி அடிக்கும், எழுந்திருக்கலாம். அவ்வளவுதான். ஷியாங்னா வாசனை, வாசனைப் புகை ரெண்டும். ஹாங்காங்ல வர்ற 'ஹாங்' இதே எழுத்துதான், வாசனைத் துறைமுகம்னு அர்த்தம். டப்பிங் குங்ஃபூ படங்கள்ல பார்த்திருப்பீங்க, "இந்தப் பத்தி எரிஞ்சு முடியறதுக்குள்ள என்னை ஜெயிச்சுக் காட்டு"ன்னு குரு ஒரு பத்தியை ஏத்தி வெச்சுட்டு தாடியைத் தடவுவார். அது சினிமாக்காரங்க கற்பனை இல்லை, 'ஒரு பத்தி நேரம்'ங்கறது சீனத்துல புழங்கற வழக்கு.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாடி நல்ல இன்ஜினியரிங் இருக்கு. சீராகப் பிசைந்து, சீரான கனத்தில் உருட்டிய ஒரு பொருள், காத்தடிக்காத இடத்தில் ஜுவாலை இல்லாமல் கனிந்துகொண்டே போனால், நிமிஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போகும். தண்ணி சொட்டற கடிகாரம் குளிர்காலத்துல உறைஞ்சு போகும், நிழல் கடிகாரம் ராத்திரில வேலை செய்யாது. பத்திக்கு இந்தப் பிரச்சனை எதுவும் இல்லை. கிபி ஆறாம் நூற்றாண்டிலேயே லியாங் வம்சத்துக் கவிஞர் ஒருவர் இரவு நேரத்தை எரியும் வாசனைப் பொருளைக் கொண்டு அறிவதைப் பாடியிருக்கிறார். அப்போ குச்சி வடிவம் வரலை, பொடிதான். ஒரு தட்டுல சாம்பலைச் சமமாப் பரப்பி, அதுமேல கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ஓட்டை வெட்டின அச்சை வெச்சு, அந்தப் பள்ளத்துல வாசனைப் பொடியை அமுக்கி நிரப்புவாங்க. அச்சை எடுத்துட்டு ஒரு முனையில நெருப்பு வெச்சா, வெடித்திரி மாதிரி நெருப்பு அந்தப் பாதையிலேயே நகர்ந்து போகும். நம்ம ஊர் ஆளுங்க பார்த்தா சிக்குக் கோலத்துக்கு யாரு நெருப்பு வெச்சதுன்னு கேப்பாங்க.

சோங் வம்ச காலத்தில், 1073ஐ ஒட்டி, இதையே ஒரு முழு நாளுக்கும் ஓடற மாதிரி செஞ்சிருக்காங்க. சீனர்கள் ஒரு நாளை 100 கூறாகப் பிரிப்பார்கள். ஒரு கூறு 14 நிமிடம் 24 விநாடி. பொடிப் பாதையில் 100 குறிகள், பகலும் இரவும் சேர்ந்து ஒரு சுற்று. ஒவ்வொரு பகுதிக்கும் வேற வேற வாசனை போட்டு, மூக்கால மணி பாக்கற ஏற்பாடும் உண்டு. "என்ன மணி?" "கிராம்பு முடிஞ்சு சந்தனம் ஆரம்பிச்சிருச்சு" :-)

எனக்கு ரொம்பப் பிடிச்சது அலாரம் வெச்ச மாடல். நாக வடிவத்துல நீளமான படகு மாதிரி ஒரு பாத்திரம். அதோட முதுகு நெடுக குறுக்குக் கம்பிகள் மேல ஒரு பத்தியைப் படுக்க வெச்சிருப்பாங்க. பத்திக்குக் குறுக்கே அங்கங்க நூல், நூலோட ரெண்டு முனையிலயும் சின்ன உலோக குண்டு. நெருப்பு நகர்ந்து வந்து நூலை அறுத்ததும் குண்டு கீழ இருக்கற தட்டுல 'டங்'னு விழும். பதினேழாம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் இருந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் காப்ரியேல் த மகல்யாய்ஷ் இதே போன்ற ஒன்றை விவரித்திருக்கிறார். கூம்பு மாதிரி சுருள் பத்தியைத் தொங்கவிட்டு, எழ வேண்டிய நேரக் குறியில் ஒரு சின்ன எடையை மாட்டி வைப்பார்களாம், அது கீழே பித்தளைத் தட்டில் விழுந்து எழுப்பிவிடும். க்ரான் ஜாப் எழுதறவங்க எல்லாம் இந்த நாகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுக்குங்க. இந்த வகையறா கடிகாரங்களைப் பற்றி ஆயுள் முழுக்கத் தேடி எழுதியவர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சில்வியோ பெடினி. 1963ல் ஒரு நீண்ட கட்டுரையும் 1994ல் ஒரு முழுப் புத்தகமும் இதுக்குன்னே எழுதியிருக்கார். ஆர்வம்னா அது.

ஜப்பானில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் சகாய் என்கிற துறைமுக நகரத்தில் குச்சிப் பத்தி செய்ய ஆரம்பிக்கிறார்கள். ஜென் மடத்தில் ஒரு அமர்வுக்குப் பெயர் 'இட்ச்சூ', அதாவது ஒரு பத்தி. இன்றைக்கும் அதை நாற்பது நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதே பத்தி மடத்துக்கு வெளியே வேற வேலையும் பார்த்திருக்கு. கெய்ஷாப் பெண்கள் வந்து ஆடிப் பாடி விருந்தினரோட உட்கார்ற நேரத்துக்கு பில் போட்டது எரிஞ்ச பத்தி எண்ணிக்கையை வெச்சு. அந்தக் கட்டணத்துக்குப் பேரே 'பத்திக் காசு'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது இருந்திருக்கிறது. நம்ம ஐடி கம்பெனிகள்ல 'பில்லபிள் அவர்ஸ்'னு ஒண்ணு நிரப்பறோமே, அதுக்கு இவ்வளவு வாசனையான முன்னோடி இருக்கும்னு நான் நினைக்கலை.

சரி, நம்ம பக்கம் என்ன நடந்துச்சு? இங்க நேரம் பாக்கறது தண்ணியோட வேலை. அடியில சின்ன ஓட்டை போட்ட செம்பு வட்டிலைத் தண்ணில மிதக்க விடுவாங்க, அது நிறைஞ்சு மூழ்கினா ஒரு நாழிகை. 24 நிமிஷம். முல்லைப்பாட்டுல பாசறையில அரசனுக்கு நேரம் சொல்ற நாழிகைக் கணக்கர்கள் வர்றாங்க, அவங்க கைல இருக்கறதும் நீர்க் கடிகாரம்தான். புகைக்கு இங்கே வேறு வேலைகள். சங்கப் பாடல்களில் பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுகிறார்கள். கோயிலில் தூபம் என்பது பதினாறு உபசாரங்களில் ஒன்று. அதாவது நம்மகிட்ட வாசனைப் புகை ஒரு படையல், உட்கார்றவனுக்கான சாமான் இல்லை. கடைக்காரர் "எல்லாமே சாமிக்குத்தான்"னு சொன்னதுல இவ்வளவு பெரிய வரலாறு இருக்கு பாருங்க.

இந்தப் படையல் விஷயத்துல உச்சம்னா அது திருக்கடவூர் குங்கிலியக் கலய நாயனார்தான். பெரியபுராணக் கதை, தெரிஞ்சிருக்கும். வீட்ல குழந்தைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிட்டு வரச் சொல்றாங்க. வழியில ஒரு வணிகன் குங்கிலியப் பொதியோட வர்றான். இவர் தாலிப் பொன்னைக் கொடுத்து மொத்தப் பொதியையும் வாங்கிக் கோயில்ல கொண்டு போய் வெச்சுட்டு அங்கேயே இருந்துடறார். வீட்டுக்கு நெல் சிவன் அருளால வந்து சேர்ந்துடுதுன்னு கதை முடியும். எனக்கு சின்ன வயசுலேர்ந்தே அந்த அம்மா பக்கம்தான் மனசு போகும். பெயர்கூட சொல்லாத அந்தப் பெண்மணிக்கு நெல் வந்து சேர்ற வரைக்கும் அந்த ராத்திரி எப்படிப் போயிருக்கும்?

குங்கிலியம் மரப்பிசின். சாம்பிராணியும் பிசின்தான், ஆனா அது நம்ம ஊர்க்காரன் இல்லை. அசல் சாம்பிராணி சுமத்ராத் தீவு மரத்துப் பிசின். அரபு வணிகர்கள் அதை 'லுபான் ஜாவி'ன்னாங்க, 'ஜாவாக் குந்திரிக்கம்'னு அர்த்தம் (அவங்களுக்கு சுமத்ராவும் ஜாவாதான்). ஐரோப்பாவுக்குப் போனதும் முன்னாடி இருக்கற 'லு'வை ஏதோ இலக்கணச் சொட்டுன்னு நினைச்சு வெட்டிட்டாங்க. பான்ஜாவி, பென்ஜோய், பென்சாயின்னு தேஞ்சுது. அந்தப் பிசினில் இருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833ல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷர்லிஷ் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்ததில் வந்த திரவத்துக்கு 'பென்சின்' என்று பெயர் வைத்தார். ஆமாங்க, கெமிஸ்ட்ரி லேப்ல அறுகோணம் போட்டு நம்ம உயிரை வாங்கின பென்சீன் சாம்பிராணி வீட்டுப் பிள்ளைதான். இதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சுமத்ராவோட மேற்குக் கரையில பாருஸ்னு ஒரு ஊர். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போன பழைய துறைமுகம். அதுக்குப் பக்கத்துல லோபு துவாங்கற இடத்துல 1873ல் ஒரு கல் தூண் கிடைச்சுது. அதில் இருப்பது தமிழ். சக வருடம் 1010, அதாவது கிபி 1088. திசையாயிரத்து ஐநூற்றுவர் என்கிற நம் வணிகக் குழு, அங்கே வரும் மரக்கலத் தலைவர்களும் மற்றவர்களும் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. சாம்பிராணின்னு வார்த்தை அந்தக் கல்லுல இல்லை. ஆனா குலோத்துங்கன் காலத்துல தமிழ் வியாபாரி கடல் தாண்டிப் போய் சங்கம் வெச்சு வசூல் பண்ண ஊர், வாசனைப் பிசின் கிடைக்கற ஊராத்தான் இருந்திருக்கு. எங்க பாட்டி வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு தூபக்கால்ல சாம்பிராணி போட்டு முடி உலர்த்தினதுக்குப் பின்னாடி ஆயிரம் வருஷக் கப்பல் கணக்கு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

இப்ப ஊதுபத்திக்கு வருவோம். அகர்பத்திங்கற பேரைப் பிரிச்சுப் பாருங்க. அகர்னா அகில், பத்தின்னா திரி. அகில் திரி. நூறு கிராம் பாக்கெட் வாங்கி உள்ள அகில் தேடினீங்கன்னா, தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். வேரியபிள் பேரை அப்படியே விட்டுட்டு வேல்யூவை மட்டும் மாத்தின லெகசி கோட் மாதிரி. உள்ள இருக்கறது மூங்கில் குச்சி, அதுமேல கரித்தூள், மரத்தூள், ஒட்டறதுக்கு ஜிகட்னு ஒரு மரப்பட்டைத் தூள். இப்படி உருட்டின வாசனையே இல்லாத வெறும் பத்தியை, டைஎத்தில் தாலேட் மாதிரி ஒரு திரவத்துல கரைச்ச சென்ட்ல முக்கி எடுத்துக் காயவெச்சா மல்லிகை, வேற சென்ட்ல முக்கினா ரோஜா. கடைச் சுவர் முழுக்க இருக்கற அத்தனை வகைக்கும் பெரும்பாலும் அடித்தளம் ஒரே கரிப்பத்திதான். இன்னொரு வகை உண்டு, மசாலா பத்தி. சந்தனத்தூள், மூலிகைத்தூள், பிசின் எல்லாம் மாவுலேயே சேர்த்துப் பிசைஞ்சது. விலை கூட, புகையோட குணமும் வேற.

இந்தத் தொழில் தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்துதான் மைசூர், பெங்களூருக்குப் போச்சுன்னு தொழில்ல இருக்கறவங்க சொல்வாங்க. மைசூர்ல வேர் பிடிக்கக் காரணம் சந்தனம். 1792லேயே திப்பு சுல்தான் சந்தன மரத்தை அரச மரமா (அரசமரம் இல்லைங்க, ராஜாவோட மரம்!) அறிவிச்சுட்டார். முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்கு மரம் அனுப்ப வழியில்லாமல் தேங்கியபோது, 1916ல் மைசூர் அரசே சந்தன எண்ணெய் ஆலை தொடங்கியது. பக்கத்துலேயே எண்ணெயும் மரத்தூளும் கிடைச்சா பத்தி உருட்ட ஆள் வராம இருப்பாங்களா? மூங்கில் குச்சிக் கதை தனி சீரியல். வியட்நாம், சீனாவுலேர்ந்து வந்து குவிஞ்சு, 2019 ஆகஸ்ட்ல ஊதுபத்தி இறக்குமதிக்கே கட்டுப்பாடு போட்டு, 2020 ஜூன்ல குச்சிக்கான வரியை 10லேர்ந்து 25 சதவீதமா ஏத்தினாங்க.

வெளிநாட்டுக்காரங்க மனசுல 'தியான வாசனை'ன்னா அது நாக் சம்பா. 1964ல் மும்பையில் சத்யம் செட்டி என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் பத்தி, ஹிப்பிகளின் முதுகுப்பையில் ஏறி உலகம் சுற்றியது. பழைய நாக் சம்பாவைத் தொட்டா நசநசன்னு ஈரமா இருக்கும். காரணம் ஹல்மட்டின்னு ஒரு பிசின், காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். அது வேற எதுவும் இல்லை, நம்ம மட்டிப்பால். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மட்டி மரத்துப் பால். அதே மரம்தான் தீக்குச்சி செய்யவும் போகுது. கொளுத்தற குச்சியும் கொளுத்தப்படற பத்தியும் ஒரே வீட்டு அண்ணன் தம்பி.

அகில்னு சொன்னேன் இல்லையா, அதோட கதை கொஞ்சம் சோகம். நல்ல ஆரோக்கியமான அகில் மரத்துக்கு வாசனையே கிடையாது. வெளுத்த, லேசான மரம். அதுக்குக் காயம் பட்டு பூஞ்சை பிடிச்சாத்தான் தன்னைக் காப்பாத்திக்க ஒரு கறுத்த பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறின கட்டைதான் அகில். கனம் ஏறி தண்ணில மூழ்கும், அதனால சீனத்திலும் ஜப்பானிலும் அதன் பெயரே 'மூழ்கும் வாசனை'. ஜப்பானியர்களின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியில், 595ல் அவாஜித் தீவில் ஒரு கட்டை கரை ஒதுங்கியதாகவும், தீவுக்காரர்கள் விறகென்று அடுப்பில் வைத்ததும் எழுந்த மணத்தைப் பார்த்து அரசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும் பதிவு இருக்கிறது. நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 'ரன்ஜதாய்' என்றொரு அகில் கட்டை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம், 11.6 கிலோ. அதில் ஒரு சில்லு வெட்டி எடுப்பது ஆட்சியதிகாரத்தின் அடையாளம். 1574ல் ஒடா நொபுனாகா வெட்டினார், 1877ல் மெய்ஜிப் பேரரசர் வெட்டினார். வெட்டின சில இடங்கள்ல யார் வெட்டினதுன்னு சீட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. கமிட் ஹிஸ்டரி!

சோகம் என்னன்னா, வெளியிலேர்ந்து பார்த்து மரத்துக்குள்ள பிசின் இருக்கா இல்லையான்னு லேசுல சொல்ல முடியாது. அதனால பார்த்த மரத்தையெல்லாம் வெட்டினாங்க. அசாம்லேர்ந்து இந்தோனேசியா வரைக்கும் காடு காலி. 1995ல் இந்த மரத்தின் முக்கியமான இனம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது, 2004ல் அகில் தரும் எல்லா இனங்களையும் சேர்த்தார்கள். 2018 மதிப்பீட்டில் அந்த முக்கிய இனம் 'மிக அருகிய' நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்துல வளர்த்து, துளை போட்டு, பூஞ்சையைச் செலுத்தி எடுக்கற அகில் இப்ப வருது. ஆனா 'அசல் காட்டு அகில்'னு விலை ஏத்தி யாராவது வித்தா, பொய்யா இருந்தா உங்க காசு போச்சு, நெசமா இருந்தா மரம் போச்சு. ரெண்டுமே எனக்கு வேணாம்.

இப்ப அம்மா விஷயம். 2008ல் 'கேன்சர்' என்கிற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், நீண்ட காலம் வீட்டில் நிறைய பத்தி கொளுத்தியவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் வரும் சில புற்றுநோய்களும் ஒரு வகை நுரையீரல் புற்றுநோயும் கூடுதலாக இருந்தன. பகல் ராத்திரின்னு நாள் முழுக்கக் கொளுத்தற வீடுகள் அவை, நம்ம ரெண்டு பத்திக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். ஆனா எந்தப் பத்திப் புகையிலும் நுண்துகள் இருக்கு, ஃபார்மால்டிஹைடு இருக்கு, பென்சீன் இருக்கு. சாம்பிராணி பெத்த பிள்ளை புகையிலேயே திரும்பி வருது பாருங்க. 'இயற்கை', 'மூலிகை'ன்னு அட்டையில என்ன போட்டிருந்தாலும் எரிஞ்சா புகைதான். வீசிங் இருக்கற நுரையீரலுக்கு மல்லிகையும் சந்தனமும் ஒண்ணுதான்.

கடிகார வரலாறு எனக்கு உதவினது இங்கதான். பத்தி எனக்கு நேரம் காட்டத்தான் வேணும்னா, எவ்வளவு பத்தி வேணும்? ஃபேனை அணைச்சுட்டு, வீட்ல இருந்த எட்டு இன்ச் சாதா பத்தி மூணை ஏத்தி போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டேன். 41, 44, 38 நிமிஷம். ஃபேன் ஓடினா 33. அதாவது நம்ம ஊர் முழுப்பத்தி ஒரு ஜென் மடத்து அமர்வுக்குச் சரி. இருபது நிமிஷம் உட்கார்றவன் முழுப்பத்தி கொளுத்தினா மீதி இருபது நிமிஷப் புகை வீட்ல இருக்கறவங்களுக்கு தானம். ஒசாகாவுக்கு ஆன்சைட் போன நண்பன் ஒரு பெட்டி ஜப்பான் பத்தி வாங்கிட்டு வந்தான். உள்ள மூங்கில் கிடையாது, வெறும் மாவு உருட்டல், பென்சில் லீடை விடக் கொஞ்சம் தடிமன், அஞ்சரை இன்ச். 26, 27, 26 நிமிஷம். மூங்கில் இல்லாததால எரியற வேகமும் சீரா இருக்கு, விறகுப் புகையும் இல்லை. கடிகாரமாப் பிறந்தவன் கடிகாரம்தான். ஆனா ஜப்பான்லேர்ந்துதான் வரணும்னு இல்லை, குச்சியில்லாத மெல்லிசு தூபக் குச்சிகள் இப்ப நம்ம ஊர்லயும் கிடைக்குது. வாங்கும்போது மெல்லிசா பாருங்க, குட்டையா பாருங்க, முகர்ந்து பார்த்தா பாக்கெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே மூக்கைத் துளைக்கற சென்ட் பத்தியைத் தள்ளி வைங்க.

நான் இப்ப செய்றது: ஒரு குட்டைப் பத்தியில முக்கால் பாகத்தை உடைச்சு, மண் அகல்ல சாம்பல் போட்டு நட்டு, பால்கனிக் கதவை ஒட்டி வெச்சுட்டு, கதவைத் திறந்து வெச்சு உட்கார்றேன். இருபது நிமிஷத்துல சாம்பலைத் தொட்டு தானே அணைஞ்சிரும். அம்மாவுக்கு மூச்சு இழுக்கற நாள்ல பத்தியே கிடையாது, போன்ல வைப்ரேஷன் அலாரம். அம்மாகிட்ட இந்த ஆராய்ச்சி எல்லாம் சொல்லி, வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் நிறுத்தலாமேன்னு மெதுவா ஆரம்பிச்சேன். "உனக்கு மணி பாக்கறதுக்குப் பத்தி, அதை நிறுத்திக்கோ. நான் என்ன மணியா பாக்கறேன்?"னு ஒரே போடு. ரெண்டு நாள் பேச்சுவார்த்தைக்கப்புறம் தூபக்கால் பால்கனிக்குப் போயிருக்கு. சாமி படத்துக்கு வாசல்லேர்ந்தே காட்டிட்டு கதவைச் சாத்திடறாங்க. இருமல் குறைஞ்சிருக்கு. இன்ஹேலர் பக்கத்துலேயேதான் இருக்கு.

கொசுறு 1: 595ல் அகில் கட்டை ஒதுங்கிய அதே அவாஜித் தீவில்தான் இன்றைக்கு ஜப்பானின் பத்திகளில் பெரும்பகுதி தயாராகிறது. ஆனா அந்தத் தொழில் அங்க ஆரம்பிச்சது 1850ல். நடுவுல 1255 வருஷம் கேப்.

கொசுறு 2: நம்ம ஊர் மளிகைக் கடைகள்ல 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' கிடைக்கும். கங்கு தேவையில்லாம அதுவா எரியற, அச்சுல அமுக்கின சாம்பிராணி. எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துல ஓடுதுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க வீட்டுப் பத்தி எத்தனை நிமிஷம் எரியுதுன்னும் அளந்து சொல்லுங்க, ஃபேனை அணைச்சுட்டு.